வர்றேன்னு சொன்னே

ஜூன் 12

எக்ஸ்சேஞ்சுக்கு,

இனிமே போன்ல பேசறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை நீ பேசினதுல எனக்கு ஒரு எழுத்துகூடக் கேக்கல. நான் பேசினது நாலாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கு. மேல் வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்து, என்ன சண்டையான்னு கையால கேட்டுட்டுப் போனாங்க. பொண்டாட்டி வேற ஊர்ல இருக்கும்போதும் வீட்ல சண்டை நடக்குதுன்னா அது நம்ம சாமர்த்தியம். அதனால கடிதம். காலம் பூரா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டவச்சவளுக்குக் கட்டினவன் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பறான். லிஃப்ட் மோட்டார் ரூம்லயே காதைத் தொலைச்ச மெக்கானிக்குக்கு வேற வழி இல்ல.

நீ வர்றேன்னு சொன்னே. அதைக் கேக்கத்தான் எழுதறேன்.

பெட்டியோட லிஃப்டுக்குள்ள நீ நின்னே, நான் வெளியே நின்னேன். எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு போகல. உன் உதட்டைப் பாத்துத்தானே இத்தனை நாளா குடும்பம் நடத்தறேன். என் மூஞ்சியைப் பாத்து "வர்றேன்"னு சொன்னே. கதவு சாத்திக்கிச்சு, லிஃப்ட் இறங்கிடுச்சு. மாசம் ஒண்ணு ஆகப்போகுது, ஆளைக் காணோம்.

அந்த முதியோர் இல்லத்துல ரெண்டு பேரும் சேர்ந்துதான் பேர் பதிஞ்சோம், ஒத்துக்கறேன். எப்ப போறதுன்னு பதியலையே. வயசானப்புறம் போறதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நீ என்னடான்னா வீடு தயார்னு தகவல் வந்த அன்னிக்கே நமக்கு வயசாயிடுச்சுன்னு தீர்ப்பு சொல்லிட்டே. நம்ம கட்டடத்து லிஃப்டை மாத்தப் போறாங்க, அது முடியட்டும்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு ஒருத்தி தனியா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புவாளா?

வீடு நல்லா இருக்கு. உன் பக்கத்து அலமாரியைத் திறக்கல. குளியலறைக் குழாய் சொட்டிச்சு, வாஷர் மாத்திட்டேன். எனக்கு ஒண்ணும் குறையில்ல. எப்ப வர்ற?

மூணாவது மாடி

*

ஜூன் 19

மூணாவது மாடிக்கு,

கடிதம் கிடைச்சுது. எக்ஸ்சேஞ்சுன்னு உறை மேல எழுதாதீங்க. இங்க ஆபீஸ்ல இருக்கற அம்மா அது ஏதோ கம்பெனின்னு நினைச்சு வேற பெட்டியில போட்டுட்டாங்க.

வீட்டை விட்டுக் கிளம்பற எல்லாரும் "வர்றேன்"னுதான் சொல்றாங்க. பால் போடறவரும் சொல்றார், மீட்டர் பாக்க வந்தவரும் சொல்றார். அவங்களையெல்லாம் நீங்க மாசக் கணக்கா வாசல்ல நின்னு எதிர்பாக்கறதில்ல.

முதல்ல ஒண்ணு. இது இல்லம் இல்ல, குடியிருப்பு. வரிசையா வீடு, ஒவ்வொண்ணுக்கும் தனிக் கதவு, தனிச் சாவி. இல்லம்னு சொன்னாலே அது "இல்ல"ன்னுதான் ஆரம்பிக்குதுன்னு பல் டாக்டரம்மா சொல்றாங்க. அவங்க ஆறாம் நம்பர் வீடு. ஓய்வு பெற்று ரொம்ப நாளாச்சு, ஆனா யார் சிரிச்சாலும் சிரிப்பைப் பாக்க மாட்டாங்க, பல்லைத்தான் பாப்பாங்க. நான் வாயை மூடியே சிரிச்சுப் பழகிட்டேன்.

நம்ம வீடு ஏழு. ரெண்டு அறை, சமையல் மேடை, பின்னால துணி காயப்போட இடம். வாசலுக்குப் படி இல்ல, சாய்வுப் பாதை. குளியலறைச் சுவத்துல ஒரு கயிறு தொங்குது, இழுத்தா ஆபீஸ்ல மணி அடிக்கும். வந்த முதல் நாளே விளக்குக் கயிறுன்னு நினைச்சு இழுத்துட்டேன். மூணு பேர் ஓடி வந்தாங்க. ஈரத் தலையோட மன்னிப்புக் கேட்டேன்.

இப்ப முக்கியமானது. ரெண்டு பேருக்கான வீட்டுல ஒருத்தர் மட்டும் இருக்க செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் விடுவாங்க. அப்புறம் வீட்டை வரிசையில காத்திருக்கற அடுத்த ஜோடிக்குக் கொடுத்துடுவாங்க. எனக்குப் பின் கட்டடத்துல ஒத்தை அறை, ஒரு கட்டில். அதுக்கப்புறம் நீங்க மனசு மாறினாலும் நாம சேர்ந்து இருக்க இங்க இடம் கிடையாது. அது மட்டும் இல்ல, சேரும்போது தன் வேலையைத் தானே பாத்துக்கற நிலைமையில இருக்கறவங்களைத்தான் எடுப்பாங்க. இதையெல்லாம் பதியும்போதே படிச்சுக் காட்டினேன். கேக்கலன்னு சொல்லாதீங்க, அப்ப உங்களுக்குக் காது கேட்டுது.

இன்னொண்ணு. போன்ல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க கத்த ஆரம்பிச்சுடறீங்க. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், எதிர்ப்பக்கம் பேசட்டும், அப்புறம் நீங்க பேசுங்கன்னு. ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா லைன்ல ஒண்ணுமே தேறாது.

வீட்டுக்கு வெளியில போகும்போது காஸை மூடுங்க.

ஏழாம் நம்பர்

*

ஜூலை 3

ஏழாம் நம்பருக்கு,

ஒத்தைக் கட்டிலாமே. நல்லா மிரட்டறே.

நான் என்ன, வரவே மாட்டேன்னா சொன்னேன்? கொஞ்சம் பொறுன்னு சொல்றேன். லிஃப்ட் மாத்தறவங்க இந்த மாசம்னு சொல்லி, அடுத்த மாசம்னு தள்ளிட்டாங்க. பழைய லிஃப்ட் இந்தக் கட்டடத்துக்கே கால் மாதிரி. அது நின்னா நாலாவது மாடியில தையல்காரம்மா துணி மூட்டையோட நிக்கணும். எல்லாரும் என்னைத்தான் கூப்பிடறாங்க. சத்தம் கேக்காட்டி என்ன, கதவுல உள்ளங்கையை வச்சா போதும். மோட்டார் ஒழுங்கா சுத்துதா, பிரேக் தேயுதா, எல்லாம் கைக்கே தெரியும். இந்த வேலையை அரைகுறையா விட்டுட்டு நான் அங்க வந்து என்ன பண்ணணும்? பல் டாக்டருக்கு வாயைத் திறந்து காட்டணுமா?

நேத்து கரண்ட் இல்ல. மூணு மாடியும் படியிலயே ஏறினேன். நடுவுல ஒரு இடத்துலதான் நின்னேன், அதுவும் கீழ் வீட்டு டிரைவர் பேச்சுக் கொடுத்ததால. நடக்கத் தெம்பு இருக்கறவன் எதுக்குச் சாய்வுப் பாதையில போய் நிக்கணும்? தெம்பு போனப்புறம் போலாம். அப்பதானே அந்த இடத்துக்கு அர்த்தம்.

மகள் போன வாரம் வந்தா. பேப்பர்ல எழுதி எழுதிப் பேசினோம். நீ சொல்றதும் சரி, நான் சொல்றதும் சரின்னு ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு, பிரிட்ஜைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டா. அவளை வளர்த்தது நீதான்.

உன் மூக்குக் கண்ணாடிக் கூடு ஒண்ணு சோபாவுக்கு அடியில கிடைச்சுது. அனுப்பல. வந்து எடுத்துக்கோ. வர்றேன்னு சொன்னியே.

மூணாவது மாடி

*

ஜூலை 15

மூணாவது மாடிக்கு,

கூட்டை நீங்களே வச்சுக்குங்க. வேற வாங்கிட்டேன்.

தெம்பு போனப்புறம் வர்றதைப் பத்திச் சொல்றேன். போன மாசம் பதினோராம் நம்பருக்கு ஒருத்தர் வந்தார். காலேஜ்ல பௌதிகம் நடத்தினவராம். பத்து வருஷமா, பொறு பொறுன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கார். விழுந்து, ஆஸ்பத்திரியில கிடந்து, கொஞ்சம் எழுந்து உட்கார்ந்ததும் பிள்ளைங்க யார் யாரையோ பிடிச்சு அனுமதி வாங்கிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. அவருக்கு இது வீடுன்னே பதியல. பையைப் பிரிக்கவே இல்ல. தினம் காலையில ஆபீஸ் கவுன்டர்ல வந்து நின்னு, "என்னை எப்ப டிஸ்சார்ஜ் பண்ணுவீங்க"ன்னு மரியாதையா கேக்கறார். நாளைக்கு சார்னு சொல்றாங்க. சரின்னு திரும்பிப் போறார்.

இங்க நடந்து வந்தவங்க இருக்காங்க, கொண்டுவந்து விடப்பட்டவங்க இருக்காங்க. சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்தாலே யார் எதுன்னு தெரிஞ்சுடும். நடந்து வந்தவங்க சாப்பாட்டைக் குறை சொல்றாங்க. மத்தவங்க எதைப் போட்டாலும் சாப்பிடறாங்க.

நான் ஏன் அவசரப்படறேன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. இதுவரைக்கும் நேரா சொல்லல, இப்ப எழுதறேன். எனக்குப் பயமா இருக்கு. நான் முன்னாடி போயிட்டா உங்களைப் பாத்து உதட்டை அசைச்சுப் பேச ஆள் கிடையாது. ஒரு புது இடத்துல, புது மனுஷங்ககிட்ட, காது கேக்காத ஒருத்தர் தனியா போய் ஒட்ட முடியாது. நான் பக்கத்துல இருக்கும்போதே உங்களை நாலு பேருக்குப் பழக்கி வச்சுட்டா, அப்புறம் நான் இல்லாட்டியும் அவங்க உங்க மூஞ்சியைப் பாத்துப் பேசுவாங்க. பல் டாக்டரம்மாகிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன், அவர்கிட்ட பேசும்போது வாயைக் கையால மறைக்காதீங்கன்னு. வாயை மறைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாதுன்னு சொன்னாங்க, வாஸ்தவம்தான்.

இங்க எல்லாம் பிரமாதம்னு நான் சொல்லல. இருக்கறவங்கள்ல நான்தான் சின்னவ, அதனால எதுக்கெடுத்தாலும் என்னைத்தான் எழுப்பறாங்க. ரெண்டு பேர் மேஜையில நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடறேன். எதிர் நாற்காலியில பையை வச்சுக்கறேன். மதியத்துல போர் அடிச்சு, ஆபீஸ்ல மணிப் பலகைக்கு முன்னாடி உட்கார்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். எந்த வீட்டுக் கயிறு இழுத்தாலும் அந்த நம்பர்ல விளக்கு எரியும், நான் பேசி விசாரிக்கணும். பழைய சீட்டுக்கே வந்து சேர்ந்துட்டேன். உங்களுக்குச் சிரிப்பா இருக்கும்.

ஏழாம் நம்பர்

*

ஆகஸ்ட் 9

ஏழாம் நம்பருக்கு,

லிஃப்ட் மாத்திட்டாங்க.

ஆறு பசங்க வந்தாங்க. ஒருத்தன் கையிலயும் எண்ணெய்க் கறை இல்ல. மோட்டார் ரூமே வேண்டாமாம், எல்லாம் உள்ளேயே இருக்காம். பழைய மெஷினைத் துண்டு துண்டா வெட்டி இறக்கினாங்க. பக்கத்துல நின்னு பாத்தேன். வெட்டறவனுக்கு அது இரும்பு. எனக்குக் கோபமா வந்துச்சு, ஆனா யார் மேல கோபப்படறதுன்னு தெரியல. இறங்கி வந்து டீ குடிச்சேன்.

புதுசு முழுக்க எஃகுப் பெட்டி. கதவுல கண்ணாடி கிடையாது. கையை வச்சுப் பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது, அவ்வளவு அமைதி. ஒவ்வொரு மாடியிலயும் ஒரு பொண்ணு குரல்ல மாடி நம்பர் சொல்லுதாம். தையல்காரம்மாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு, பதிலுக்குத் தேங்க்ஸ் சொல்றாங்களாம். ஏதாவது ஆச்சுன்னா அமுக்கறதுக்கு ஒரு மஞ்சள் பட்டன் இருக்கு. எந்த ஊர்லயோ உட்கார்ந்திருக்கற ஆள் பேசுவாங்களாம். உன் வேலைக்கு வாரிசு வந்துடுச்சு.

பழைய லிஃப்ட்லேர்ந்து ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கினேன். நம்ம மாடிக் கதவு. அதான், நடுவுல நீளமா கண்ணாடிச் சட்டம் வச்சது. ஹால்ல சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கேன். மகள் பாத்துட்டு, எதுக்குன்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல எழுதினா. நல்ல மரம்னு பதில் எழுதினேன்.

நான் இப்ப கிளம்பினா நல்லா இருக்காது. புது மெஷின் ஒரு பருவமாவது ஓடட்டும். மழையில கீழ்க் குழியில தண்ணி ஏறும், அதை இவனுங்க கவனிச்ச மாதிரி தெரியல. அது வரைக்கும் நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன். வர்றேன்னுதானே சொன்னே, போகமாட்டேன்னா சொன்னே.

மூணாவது மாடி

*

ஆகஸ்ட் 18

முதல்ல லிஃப்ட் மாத்தட்டும்னீங்க. மாத்தியாச்சு. இப்ப மழை. மழை நின்னா என்ன சாக்கு வச்சிருக்கீங்க?

ஒவ்வொரு கடிதத்துலயும் வர்றேன்னு சொன்னே, வர்றேன்னு சொன்னேன்னு எழுதறீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கீங்க. நான் திரும்பி வந்துடுவேன், நீங்க இடத்தை விட்டு அசைய வேண்டியதில்லன்னு நினைச்சுக்கிட்டு நாளைக் கடத்தறீங்க. நானும் அது சும்மா எல்லாரும் சொல்றதுதான்னு எழுதிப் பூசி மெழுகிட்டேன். அன்னிக்கு நான் சொன்னது அது இல்ல.

"வர்றேன்னு நினைக்காதீங்க."

இதுதான் நான் சொன்னது. அதுக்குள்ள கதவு சாத்திடுச்சு. உங்களுக்கு முன்பாதி மட்டும் தெரிஞ்சிருக்கு. கோபத்துல சொன்னேன், ஆனா தெரிஞ்சுதான் சொன்னேன். அந்த லிஃப்ட் கீழ போய்ச் சேர்ற வரைக்கும் அழுதேன். கீழ டிரைவர் பெட்டியை வாங்கினதும் நிறுத்திக்கிட்டேன்.

இனிமே பாதி வார்த்தைக்குக் காத்திருக்காதீங்க. செப்டம்பர் முப்பது.

ஏழாம் நம்பர்

*

செப்டம்பர் 6

மூணாவது மாடிக்கு,

உங்ககிட்டேர்ந்து பதில் இல்ல. அப்படி எழுதினது தப்போன்னு ஒரு வாரம் யோசிச்சேன். தப்பில்லன்னு ஒரு வாரம் யோசிச்சேன். ரெண்டுக்கும் நடுவுல பல் டாக்டரம்மாகிட்ட கோபப்பட்டு, அப்புறம் போய்ச் சமாதானமும் பண்ணிட்டேன்.

ஒரு வரி போடுங்க. உடம்பு நல்லா இருக்கா, காஸ் தீர்ந்துதா, அது போதும்.

ஏழாம் நம்பர்

*

செப்டம்பர் 10

ஏழாம் நம்பருக்கு,

உடம்பு நல்லா இருக்கு. காஸ் வந்தது. புது லிஃப்ட் ஒரு நாள் சித்த நேரம் நின்னுச்சு, மத்தபடி விசேஷம் இல்ல.

மூணாவது மாடி

*

செப்டம்பர் 14

எனக்கே காது குத்தறீங்களா? சித்த நேரமாம்.

மகள் எல்லாத்தையும் சொல்லிட்டா. அவளுக்குத் தையல்காரம்மா சொல்லியிருக்காங்க. மதியம் கடைக்குக் கிளம்பி லிஃப்ட்ல ஏறின நீங்க, சாயங்காலம் அவங்க துணி கொடுக்கக் கீழ இறங்கும்போதும் உள்ளயே இருந்திருக்கீங்க. லிஃப்ட் வரலையேன்னு அவங்க எரிச்சல்ல கதவைத் தட்டினதுல, உள்ளேர்ந்து யாரோ திருப்பித் தட்டற சத்தம் கேட்டிருக்கு. இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்? உங்களை வெளிய எடுத்தப்ப சட்டை முழுக்க நனைஞ்சு, தரையில உட்கார்ந்திருந்தீங்களாம். மகளுக்குச் சொல்லக் கூடாதுன்னு அவங்ககிட்ட கையெடுத்துக் கும்பிட்டீங்களாம்.

மஞ்சள் பட்டன் இருந்துதே, அதை அமுக்கலையான்னு மகள் கம்பெனிக்கே போன் பண்ணிக் கேட்டிருக்கா. பட்டன் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கு. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு எடுத்து, உள்ள யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களான்னு கேட்டிருக்கா. பதிலே இல்ல. சின்னப் பசங்க விளையாடறாங்கன்னு நினைச்சு விட்டுட்டாங்களாம்.

மகளுக்கு அது புரியல. அப்பாதான் அவ்வளவு சத்தமா பேசுவாரே, ஏன் வாயைத் திறக்கலன்னு கேக்கறா. எனக்குக் கேட்ட உடனே புரிஞ்சுபோச்சு. எதிர்ப்பக்கம் பேசற வரைக்கும் பேசாதீங்கன்னு நான்தானே உங்ககிட்ட தலைதலையா அடிச்சுக்கிட்டது. நீங்க சாகிற வரைக்கும் கேக்கமாட்டீங்கன்னு நினைச்ச பேச்சை, போயும் போயும் அங்கயா கேக்கணும்?

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் வரல. அந்த சீட்ல நான் உட்கார்ந்திருக்கேன். சத்தமே இல்லாத லைன் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆள் இருக்காங்கன்னு தோணவே தோணாது. நேத்து மதியம் மணிப் பலகைக்கு முன்னாடி உட்கார்ந்தப்ப, ஒன்பதாம் நம்பர் விளக்கு எரிஞ்சுது. பேசினேன், பதில் இல்ல. எழுந்து ஓடினேன். ஜன்னல் துடைக்கும்போது கை பட்டுடுச்சாம். திரும்பி வந்து உட்கார முடியல.

அதனால முடிவு பண்ணிட்டேன். எப்ப வர்றதுங்கற வழக்குல நீங்க ஜெயிச்சதாவே இருக்கட்டும். ஆபீஸ்ல கேட்டேன், முப்பதாம் தேதி சாவியைக் கொடுத்துடலாம்னாங்க. அப்படிக் கொடுத்தா வரிசையில நம்ம பேர் கடைசிக்குப் போயிடும், அநேகமா நம்ம காலத்துல திரும்ப முறை வராது. பரவாயில்ல. அந்தப் பெட்டிக்குள்ள நீங்க எதிர்ப்பக்கத்துக்காகக் காத்திருந்ததை நினைச்சுக்கிட்டு என்னால இங்க சாப்பிட முடியாது. எனக்கு இந்த இடம் பிடிச்சுப்போச்சு, அதையும் மறைக்கல. ஆனா நீங்க இல்லாம இது எனக்கு வேண்டாம்.

முப்பதாம் தேதி வரைக்கும் பாக்கறேன். நீங்க வரலன்னா நான் வர்றேன். இந்தத் தடவை கிளம்பறவங்க சொல்ற வர்றேன் இல்ல, நிஜமாவே வர்றேன்.

ஏழாம் நம்பர்

*

செப்டம்பர் 20

ஏழாம் நம்பருக்கு,

சாவியைக் கொடுத்துடாதே. இதை முதல் வரியிலயே எழுதிட்டேன், நீ பாதி படிச்சுட்டு ஆபீஸுக்கு ஓடிடக் கூடாதுன்னு.

அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. எனக்கு முதல்ல பயமே வரல, சிரிப்புதான் வந்துச்சு. லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டான்னு ஊர் பூரா பேசப்போகுதேன்னு. கதவை நெம்பிப் பாக்கல. எத்தனை பேரைத் திட்டியிருக்கேன், கதவை நெம்பாதே, கால் போயிடும்னு. அதை நானே மீற முடியாது பார். மஞ்சள் பட்டனை அமுக்கினேன். ஒரு விளக்கு எரிஞ்சுது. எதிர்ப்பக்கம் பேசட்டும்னு காத்திருந்தேன். விளக்கு அணைஞ்சுது. சரி, லைன் போகலன்னு நினைச்சுத் திரும்ப அமுக்கினேன். திரும்பவும் அதே கதை. அவங்க பேசிட்டிருக்காங்க, எனக்குக் கேக்கலங்கறது கடைசி வரைக்கும் மூளையில ஏறல. மகள் எழுதிக் காட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. உள்ள இருந்தப்ப யாருமே இல்லன்னுதான் நினைச்சேன்.

கொஞ்ச நேரம் போனதும் தரையில உட்கார்ந்துட்டேன். சுவத்துல கையை வச்சுப் பாத்தேன். அந்தச் சனியன் ஒண்ணுமே சொல்லல. அப்பதான் பயம் வந்துச்சு. செத்துடுவோம்னு இல்ல. வெளிய எடுத்ததும் எல்லாரும் ஒரே சமயத்துல பேசுவாங்க, நான் யார் உதட்டைப் பாக்கறதுன்னு பயம். அப்புறம் தையல்காரம்மா கதவைத் தட்டினது உள்ளங்கையில அதிர்ந்துச்சு, நானும் திருப்பித் தட்டினேன். வெளிய வந்தா நிஜமாவே அப்படித்தான் ஆச்சு. சுத்தி பத்துப் பேர் வாயை அசைச்சாங்க. ஒருத்தர் பேச்சும் பிடிபடல. குழந்தை மாதிரி தையல்காரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தேன். நீ ஜூலையில எழுதினது அப்பதான் புரிஞ்சுது. தெம்புன்னா நான் கால் பலத்தை நினைச்சேன். நீ அதை நினைக்கல.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. கதவு சாத்திடுச்சு, முன்பாதிதான் எனக்குத் தெரிஞ்சுதுன்னு எழுதியிருந்தே. அந்தக் கதவுல கண்ணாடி இருக்குன்னு உனக்கு மறந்துபோச்சு. லிஃப்ட் இறங்க ஆரம்பிக்கற வரைக்கும் உன் மூஞ்சி அதுல தெரிஞ்சுது. முழுசையும் பாத்தேன். "வர்றேன்னு நினைக்காதீங்க." அதுக்கப்புறம் நீ அழ ஆரம்பிச்சதையும் பாத்தேன். ஓடி வந்து படியில இறங்கியிருக்கலாம். நான் அங்கயே நின்னேன். முன்பாதி நல்லா இருந்துச்சு, அதை மட்டும் வச்சுக்கிட்டேன். ஒவ்வொரு கடிதத்துலயும் அதையே எழுதினா, ஒரு நாள் நீயே குழம்பிப்போய், நாம அப்படித்தான் சொன்னோமோன்னு வந்துடுவேன்னு ஒரு கணக்கு. உன்கிட்ட பலிக்குமா?

கதவைத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்துட்டேன். படுக்க வச்சு அதுமேல துணி வெட்டப் போறாங்க. கண்ணாடியை மட்டும் கழட்டிக்கவான்னு கேட்டாங்க, கழட்டிக்குங்கன்னேன். வீட்டை மகள் பாத்துக்கறா. உன் அலமாரியை நேத்துதான் திறந்தேன். என்ன எடுத்துட்டு வரணும்னு தெரியல, பச்சைப் புடவை ரெண்டையும் உன் கண்ணாடிக் கூட்டையும் பெட்டியில வச்சிருக்கேன். சாப்பாட்டு மேஜையில எதிர் நாற்காலியிலேர்ந்து பையை எடுத்து வை. அந்தப் பதினோராம் நம்பர்காரருக்குப் பக்கத்துல என்னை ஒரு நாள் உட்கார வை. எனக்கும் ஒண்ணும் கேக்காது, அவருக்கும் ஒண்ணும் பதியாது, நிம்மதியா பேசிக்கிட்டிருப்போம்.

சேரும்போது சோதிக்கற உங்க டாக்டர் என்னை நடக்கச் சொன்னா நடந்து காட்டறேன். ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னாலும் நிப்பேன், அது உனக்குத் தெரிஞ்ச விஷயம். இருபத்தெட்டாம் தேதி காலை பஸ். ஸ்டாண்டுக்கு நீ வர வேண்டாம். வாசல்ல நின்னா போதும், வெயில் மூஞ்சியில படற மாதிரி நில்லு. உதடு தெரியணும்.

இதுக்குக் கீழ ஒரு வார்த்தைதான் எழுதப்போறேன். பாதியில நின்னுபோச்சோன்னு பேப்பரைத் திருப்பிப் பாக்காதே. அவ்வளவுதான் வாக்கியம்.

வர்றேன்.